ஒன்பது கதவு, 36 மூலை: தேக்கு மோல்டிங்கில் மைட்டர் ஜாயிண்ட் சேராமல் போன ஒரு வேலை

பின்னணி

திருச்சிக்கு வெளியே புதிதாகக் கட்டிய தனி வீடு. கீழும் மேலுமாக ஒன்பது கதவு. கட்டட வேலை நடக்கும்போதே வேறு ஆட்கள் நிலைகளை நிறுத்திவிட்டார்கள். பூச்சு முடிந்து சுவரில் ஒரு கோட் பெயிண்டும் ஏறியிருந்தது. நிலைக்கும் பூச்சுக்கும் நடுவில் தெரியும் கோட்டை மறைத்துச் சுற்றிலும் தேக்கு மோல்டிங் அடிக்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் மேலே இரண்டு மூலை. ஆக 36 மைட்டர் ஜாயிண்ட், அதாவது இரண்டு துண்டின் முனையையும் 45 டிகிரி சாய்வாக வெட்டி மூலையில் சேர்ப்பது.

மோல்டிங் 75 மில்லிமீட்டர் அகலம். சுவரை ஒட்டிய விளிம்பு 6 நூல் கனம் (8 நூல் ஓர் அங்குலம்), கதவுப் பக்க விளிம்பு 3 நூல். வெளியே தடித்து உள்ளே மெலியும் இந்த வடிவம் பின்னால் முக்கியமாகப் போகிறது. வீட்டுக்காரர் கேட்டது பாலிஷ் மட்டும், பெயிண்ட் கிடையாது. அதனால் மூலையில் மக்கு வைத்துத் தேய்த்து மறைக்க வழியில்லை. ஜாயிண்ட் மரத்தோடு மரமாகச் சேர்ந்தே ஆக வேண்டும்.

வேலையில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள ஆசாரி. மற்றவர் இரண்டு வருடமாக மெஷினில் நிற்கும் இளைஞர். அளவெடுத்தது, மரம் வாங்கியது, கணக்குப் பார்த்தது நான். சாய்வாக வெட்டும் ரம்ப மெஷினான 10 அங்குல மைட்டர் சா ஒன்றைக் கூடத்தில் வைத்து ஐப்பசிக் கடைசியில், நல்ல மழைக்காலத்தில், தொடங்கினோம். மரம் இரண்டு தவணையாக வந்தது. இரண்டாவது தவணை வந்த அன்று மழை. வண்டியிலிருந்து இறக்கும்போதே தார்ப்பாய் நனைந்திருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மூன்று கதவு

முதல் கதவின் இடது மூலையை இளைஞர் வெட்டினார். மெஷினின் கையை 45 டிகிரியில் பூட்டி, இரண்டு துண்டையும் வெட்டி, நிலையில் வைத்துப் பார்த்தால் வெளிமுனை தொட்டது. உள்முனை 2 மில்லிமீட்டர் திறந்து நின்றது. 75 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டில் வெட்டுக்கோட்டின் நீளம் 106 மில்லிமீட்டர். அதில் 2 மில்லிமீட்டர் என்றால் வாசலில் நின்றே தெரியும். வலது மூலையும் உள்ளேதான் திறந்தது, ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

உள்முனை திறந்தால் முனைக்கோணம் குறைவாக வெட்டுப்படுகிறது, மெஷின் 45-ஐத் தாண்டி வெட்டுகிறது (மெஷினில் எண் கூடினால் முனை கூராகும்) என்று அவர் எடுத்துக்கொண்டார். கையை 44½-க்குக் கொண்டுவந்து மறுபடி வெட்டினார். இடது மூலை ஏறக்குறைய மூடியது. வலது மூலை இப்போது வெளியே திறந்தது. நடுவாக 44¾-இல் வைத்து அந்தக் கதவை ஒருவழியாக முடித்தார். அதே அமைப்பில் இரண்டாவது கதவை வெட்ட, இரண்டு மூலையும் வெளியே திறந்தன. மூன்றாவதற்குத் திரும்ப 45. அதற்குள் ஒவ்வொரு மறுவெட்டுக்கும் துண்டு அரை அங்குலம் குறைந்து, நாலு நிலைக்கால் துண்டுகள் நீளம் பற்றாமல் போய்விட்டன. நெடுக்குத் துண்டு போனால் போனதுதான். ஒட்டுப்போட்டுப் பாலிஷ் அடிக்க முடியாது.

சாயங்காலம் நான் போனபோது இளைஞர் மெஷினைக் கவிழ்த்து, அளவுத் தகட்டின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ஆசாரி அவரைத் தடுத்தார்.

“இருப்பா. மொதக் கதவுல ஒரே மெஷின், ஒரே 45. இடது பக்கம் இவ்ளோ தெறந்துச்சு, வலது பக்கம் அதுல பாதிகூட இல்ல. அப்ப மெஷின்ல மட்டும் எப்படித் தப்பு இருக்கும்?”

“அப்ப என் கை சரியில்லையாண்ணே?”

“அதையும் பாத்துருவோம். ஒவ்வொண்ணாப் பாப்போம்.”

இந்த வேலையின் திருப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். மூன்று கதவு வரை நாங்கள் இடைவெளியை மட்டும் பார்த்தோம், அது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வரை ஒரு துண்டும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

மெஷினைச் சோதித்தது

முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு மேசைக்கு நேர்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். மட்டத்தைப் பல்லின்மேல் சாய்க்காமல் இரண்டு பல்லுக்கு நடுவே தகட்டில் ஒட்டி வைக்க வேண்டும். பல் தகட்டைவிடத் தடித்திருக்கும், அதில் வைத்தால் பொய்யான அளவு வரும். குறை எதுவும் இல்லை.

அடுத்தது 45. ஒரே ஜாயிண்ட்டை மட்டத்தில் வைத்துப் பார்த்தால் கால் டிகிரி பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் 60 மில்லிமீட்டர் அகலமுள்ள நேரான ரீப்பரில் (மரப்பட்டையில்), நீளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப் கட்டை வைத்து ஒரே நீளத்தில் நாலு துண்டு வெட்டி, படச்சட்டம் மாதிரி சேர்த்து மூன்று மூலையை டேப்பால் இறுக்கி ஒட்டினோம். நாலாவது மூலையில் எட்டு வெட்டின் பிழையும் ஒன்றுகூடி வந்து நிற்கும். எங்களுக்கு அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் திறந்தது. அந்த அகலத்துக்கு அது 1 டிகிரி. எட்டால் வகுத்தால் ஒரு வெட்டுக்கு 0.13 டிகிரிதான். 45-இல் வைத்த மெஷின் ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கிறது. முதல் கதவில் 45-ஐ விட்டு நகர்த்தியதுதான் இரண்டாவது கதவைக் கெடுத்தது.

ஆனால் இந்தச் சோதனையில் வேறொன்று கண்ணில் பட்டது. முதல் தடவை இளைஞர் வெட்டியபோது வெட்டுமுகத்தில் இரும்பு அளவுகோலை வைத்தால் நடுவில் மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தது. முகம் தட்டையாக இல்லை, லேசாக வளைந்திருந்தது. காரணம் இரண்டு. மெஷினோடு வந்த 24 பல் பிளேடையே மாற்றாமல் வைத்திருந்தோம். பட்டியல் சட்டம் அறுக்க அது போதும்; தேக்கு மோல்டிங்கில் சாய்வாக இறங்கும்போது மரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டு, தானும் வளைகிறது. இரண்டாவது, பிளேடு முழு வேகம் எடுக்கும் முன்பே கையை அழுத்துவது. சாய்வெட்டில் பிளேடு துண்டை ஃபென்ஸ் (துண்டை ஒட்டி வைக்கும் மெஷினின் பின்தடுப்பு) ஓரமாகப் பக்கவாட்டில் தள்ளும். ஃபென்ஸிலும் துண்டிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டு வெட்டச் சொன்னோம். வெட்டி முடித்தபோது கோடு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. தான் எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் துண்டு நழுவியதை அந்தக் கோட்டில் பார்த்த பிறகு இளைஞருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

80 பல் பிளேடு வாங்கி மாட்டினோம். ஃபென்ஸின் இரண்டு பாதியிலும் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டினோம். ஒரு பாதியில் மட்டும் ஒட்டினால் தாளின் கனமே கோணத்தை மாற்றிவிடும். துண்டைக் கிளாம்ப் போட்டுப் பிடிப்பது, பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகு மெதுவாக இறக்குவது, நின்ற பிறகே தூக்குவது என்று முறை வைத்தோம். இதே ரீப்பர் சோதனையைத் திரும்பச் செய்தபோது நாலாவது மூலையில் ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

நிலையையும் சுவரையும் பார்த்தது

ஒவ்வொரு மூலையிலும் நிலைக்காலில் 300, மேல்சட்டத்தில் 400 மில்லிமீட்டர் குறித்துக் குறுக்கே அளந்தோம். மூலை சரியாக இருந்தால் 500 வர வேண்டும். முதல் கதவின் இடது மூலையில் 503 வந்தது. அதாவது மூலை 90.7 டிகிரி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் இடது நிலைக்கால் கீழே வெளிப்பக்கம் போயிருந்தது. வலது மூலை 500-தான்.

அப்புறம் வலது மூலை ஏன் திறந்தது? நேரான அளவுகோல் ஒன்றை நிலைக்கும் சுவருக்கும் குறுக்கே வைத்தபோது பதில் கிடைத்தது. அந்தக் கதவைச் சுற்றிப் பூச்சு நிலையைவிட 4 மில்லிமீட்டர் முன்னால் வந்திருந்தது. மோல்டிங்கின் உள்விளிம்பு நிலையில் உட்கார, வெளிவிளிம்பு பூச்சின்மேல் ஏறி நிற்கிறது. மொத்தத் துண்டும் கதவைப் பார்த்துச் சாய்கிறது. வெளிப்பக்கம் தடித்த வடிவம் என்பதால் இரண்டு துண்டின் தடித்த முனையும் முன்பக்கத்தில் முதலில் முட்டிக்கொள்கின்றன. மெல்லிய உள்முனை சேராமல் நிற்கிறது. எங்கள் மோல்டிங்கின் கனக்கணக்கில் இந்த 4 மில்லிமீட்டர் எழுச்சி மட்டுமே உள்ளே முக்கால் மில்லிமீட்டர் திறக்கும். வலது மூலையில் இருந்தது இவ்வளவுதான். இடது மூலையில் இதோடு 0.7 டிகிரியின் பங்காக 1.3 மில்லிமீட்டர் சேர்ந்து 2 ஆனது.

ஒன்பது கதவையும் இப்படிப் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் சாக்பீஸால் எழுதி வைத்தோம். மூன்று கதவில் பூச்சு முன்னால் வந்திருந்தது. இரண்டில் ஒரு மூலை சரியில்லை. மாடியில் ஒன்றில் தலைகீழ்: நிலை பூச்சைவிட 2 மில்லிமீட்டர் வெளியே நின்றது. அங்கே மோல்டிங் சுவரைப் பார்த்துச் சாயும்; ஜாயிண்ட் பின்னால் தொட்டு, முன்முகத்தில் நெடுக மெல்லிய கோடாகத் திறக்கும். எங்கே திறக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி காரணம் தெரிந்துவிடுகிறது. ஆனால் பாதிதான். உள்முனை திறப்பதற்கு மட்டுமே மூலை விரிந்திருப்பது, பூச்சு ஏறியிருப்பது என்று இரண்டு காரணத்தை இந்த ஒரே வீட்டில் பார்த்தோம். மூன்றாவது ஒன்றும் இருந்தது, அது பங்குனியில்தான் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

மெஷினின் 45-ஐ இனி தொடுவதில்லை என்பது முதல் முடிவு. சரியில்லாத மூலைகளுக்குக் கோணத்தைப் பாதியாக்கி வெட்டினோம். 90.7-க்குப் பாதி 45.35; மெஷின் நேர்வெட்டை 0 என்று எண்ணுவதால் அதன் கணக்கில் 90-இல் கழித்து 44.65. இந்த அளவில் கையைப் பூட்டப் பார்த்தால் 45-இன் பள்ளம் அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். அதனால் கை 45-இலேயே பூட்டியிருக்க, ஃபென்ஸுக்கும் துண்டுக்கும் நடுவில் அட்டை செருகிக் கோணத்தை நகர்த்தினோம். ஆசாரி தன் பையில் வைத்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிக் கொடுத்தார். பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி மூன்று அட்டை. எந்தப் பக்கம் செருகுவது என்பதைக் கழிவுத் துண்டை வெட்டி, அந்த மூலையிலேயே வைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தோம்.

பூச்சு ஏறிய கதவுகளுக்கு இரண்டு வழி பேசினோம். மோல்டிங்கின் முதுகை இழைப்புளியால் குடைந்து உட்கார வைப்பது ஒன்று. மோல்டிங்குக்குள் மறையும் இடத்தில் மட்டும் பூச்சைக் கொத்தி எடுப்பது இன்னொன்று. 2 மில்லிமீட்டர் வரை முதுகைக் குடையலாம், அதற்கு மேல் குடைந்தால் விளிம்பு மெலிந்து கைபட்டாலே நொறுங்கும் என்றார் ஆசாரி. ஆகவே 4 மில்லிமீட்டர் இருந்த கதவில் பூச்சைக் கொத்தத்தான் வேண்டும். பெயிண்ட் அடித்த சுவர் என்பதால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அளவுகோலை வைத்து இடைவெளியைக் காட்டி, மோல்டிங்கைப் பிடித்து எதுவரை மறையும் என்று பென்சில் கோடும் போட்டுக் காட்டினோம். முதலில் தயங்கியவர், “கோட்டுக்கு வெளிய ஒரு பொட்டுகூட உதிரக்கூடாது சார்” என்று சொல்லிச் சம்மதித்தார். கோட்டுக்குள் ஒரு நூல் விட்டு, கிரைண்டரால் கீறி, பிறகு உளியால் எடுத்தோம். வெளியே உதிரவில்லை.

மாடிக் கதவில் வெட்டுமுகத்தின் பின்பாதியை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுத்து, முன்முகம் முதலில் தொடும்படி செய்தோம்.

நெடுக்குத் துண்டுகளைக் கடைசி அளவுக்கு உடனே வெட்டவில்லை. கால் அங்குலம் கூடுதலாக விட்டு மைட்டரை முதலில் சேர்த்துப் பார்த்து, அது பொருந்திய பிறகே அடிப்பக்கத்தைத் தரை அளவுக்கு நறுக்கினோம். ஒரு கோணம் தவறினாலும் துண்டு வீணாகாமல் இன்னொரு வெட்டுக்கு இடம் இருந்தது. வெட்டுமுகம் பசையைக் குடிக்கும் என்பதால் முதலில் மெல்லியதாக ஒரு கை தடவி, சில நிமிடம் விட்டு இரண்டாவது தடவிய பிறகு ஒட்டினோம்.

நடுவில் நடந்த ஒன்று

இதை எழுதாமல் விடக்கூடாது. நாலாவது நாள், ஒரே நீளத் துண்டுகளுக்காக ஸ்டாப் கட்டையை வைத்து வெட்டிக்கொண்டிருந்தோம். வேகத்தில், கழிவு விழும் பக்கத்திலும் ஒரு கட்டை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெட்டுப்பட்ட முக்கோணத் துண்டுக்கு விலக இடமில்லை. பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டி, டமார் என்று எதிர்ச் சுவரில் போய் அடித்தது. சுவரில் அரை அங்குலக் குழி. இளைஞர் கண்ணாடி போட்டிருந்தார், கை ஒரு சாணுக்கு மேல் தள்ளி இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஸ்டாப் ஒரு பக்கம் மட்டும். கழிவு விழும் பக்கம் காலியாக இருக்க வேண்டும். சாணுக்குக் குறைவான துண்டைக் கையால் பிடித்து வெட்டுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டோம்.

பங்குனியில்

வேலை கார்த்திகை நடுவில் முடிந்தது. முதல் மூன்று கதவையும் பிரித்துத் திரும்பச் செய்தோம். வீணான நாலு நிலைக்கால் துண்டின் செலவு எங்களுடையது. அகலக் கதவுக்கு வெட்டிக் குறைந்துபோன மேல்துண்டுகள் குளியலறைக் கதவுகளுக்குப் பயன்பட்டன. பாலிஷ் முடிந்து ஒப்படைத்த அன்று 36 மூலையிலும் நகம் சிக்கவில்லை.

பங்குனியில் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஐந்து மூலை உள்முனையில் திறந்திருந்தது, ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர். மற்ற 31 அப்படியே இருந்தன. ஐந்தும் அந்த மழை நாளில் வந்த இரண்டாவது தவணை மரம். வெர்னியர் காலிப்பரில் அகலம் பார்த்தோம். 75-ஆக இழைத்து எடுத்தது 74.3-ஆக இருந்தது.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். தேக்கு இதில் அடக்கமான மரம்தான். பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே சுருங்கும். அதில் சிறு பங்கு போதும். நீளம் மாறாமல் அகலம் குறைந்தால் 45-ஆக வெட்டிய முனை 45-ஆக இருக்காது, கூர்மையாகிவிடும். வெளிமுனை தொட்டபடி நிற்க, உள்முனை விலகும். விலகும் அளவு அகலம் குறைந்ததைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 0.7-க்கு 1 மில்லிமீட்டர். நாங்கள் பார்த்ததும் அதுவே. வெட்டியவர் மேல் இதில் ஒரு பிழையும் இல்லை. ஈரமான மரத்தை இறக்கிய இரண்டாம் நாளே வெட்டக் கொடுத்தது நான்.

வீட்டுக்காரர் உடனே அடைத்துத் தரச் சொன்னார். ஆசாரி மழைக்காலம் வரை பொறுக்கச் சொன்னார்; மரம் திரும்ப ஈரம் வாங்கி அகலும் என்பது அவர் கணக்கு. கூடத்தில் வருகிறவர்கள் கண்ணில் படும் மூன்று மூலையை மட்டும் தேக்குத் தூளும் பசையும் குழைத்து அடைத்தோம். மாடியில் இருந்த இரண்டை விட்டுவைத்தோம்.

மாற்றிக்கொண்டவை

இப்போது அளவெடுக்கப் போகும்போதே 300-400-500 அளவையும் பூச்சின் ஏற்ற இறக்கத்தையும் கதவு வாரியாக எழுதிக்கொண்டு வருகிறேன். விலை சொல்லும்போதே பூச்சைக் கொத்த வேண்டிய கதவு எது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. பட்டறையில் ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கியாகிவிட்டது. மரம் வந்தவுடன் நடுவில் குச்சி வைத்து அடுக்கி, வேலை நடக்கும் வீட்டிலேயே பத்து நாளாவது காற்றாட விடுகிறோம். மீட்டர் இரண்டு நாள் ஒரே எண்ணைக் காட்டும்வரை வெட்டுவதில்லை. மழைக்காலத்தில் இது அவசரக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. ஒரு வேலை இதனால் கைவிட்டும் போனது. இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ரீப்பர் சட்டச் சோதனையை ஒவ்வொரு வீட்டிலும் மெஷினை இறக்கி வைத்த அன்றே இளைஞரே செய்துவிடுகிறார். வண்டியில் குலுங்கி வந்த மெஷினை முந்தின வீட்டின் கணக்கில் நம்புவதில்லை.

அடுத்த ஐப்பசியில் அந்த வீட்டுக்கு வேறு ஒரு வேலையாகப் போனோம். கூடத்தில் அடைத்த மூன்று மூலையிலும் மரம் அகன்று, அடைத்ததைப் பிதுக்கி மெல்லிய வரப்பாக வெளியே தள்ளியிருந்தது. ஆசாரி உளியால் சுரண்டி, அந்த இடத்தை மட்டும் பாலிஷ் தொட்டுச் சரி செய்தார். மாடியில் விட்டுவைத்த இரண்டும் தாமாகவே சேர்ந்திருந்தன.